பிலிமா டிஜிட்டலா... விருது யாருக்கு?

எங்கள் வகுப்பில் இரண்டு கோஷ்டிகள். முதல் கோஷ்டி 'ஓப்பன்ஹைமர்' பார்த்த நாளிலிருந்து "பிலிம்ல எடுத்தாதான்டா சினிமா, மத்ததெல்லாம் வெறும் வீடியோ" என்று சொல்லிக்கொண்டு திரிகிறது. இரண்டாவது கோஷ்டி, "போடா, உலகம் எங்கயோ போயிடுச்சு, இன்னும் பிலிம் கிலிம்னுட்டு" என்கிறது. கேன்டீனில் டீ ஆறுகிற வரைக்கும் இந்தச் சண்டை நடக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கோஷ்டியிலும் ஒருத்தன்கூட படச்சுருளைக் கையால் தொட்டவன் கிடையாது. நாங்கள் எல்லாரும் 2004-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். விவரம் தெரிந்து நாங்கள் தியேட்டருக்குப் போக ஆரம்பித்தபோதே, தமிழ் சினிமாவில் பிலிம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

பி.காம். படிக்கிற பையனுக்கு ஒளிப்பதிவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். லென்ஸ் நம்பரெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கணக்குப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, இதில் யாருக்கு என்ன பங்கு, யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வரும். இந்தச் சண்டையையும் அப்படித்தான் பார்க்கப் போகிறேன். கடைசியில் பிலிம் உசத்தியா டிஜிட்டல் உசத்தியா என்று தீர்ப்பு எதுவும் வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன்!

முதலில் கணக்கு

35 எம்.எம். பிலிமில் அடிக்கு 16 ஃபிரேம். வினாடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டும். அப்படியென்றால் வினாடிக்கு ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. 400 அடி ரோல் ஒன்றைக் கேமராவில் மாட்டினால் நாலரை நிமிஷம்கூட ஓடாது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. ஆனால் எடுத்ததெல்லாம் படத்தில் வராதே. ஐந்து மடங்கு எடுத்தார்கள் என்று வைத்துக்கொண்டால் 67,500 அடி, அதாவது கிட்டத்தட்ட 170 ரோல். பிலிம் வாங்கக் காசு, அதைக் கழுவக் காசு, ரஷ் பிரிண்ட் போடக் காசு, கடைசியில் தியேட்டருக்குத் தியேட்டர் பிரிண்ட் அனுப்பக் காசு.

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு உடனே புரியும். பிலிமில் ஒவ்வொரு டேக்கும் மாறும் செலவு. நடிகர் வசனத்தை மறந்தால் அடி அடியாகப் பணம் போகும். டிஜிட்டலில் பெருஞ்செலவு கேமரா வாடகையும் ஹார்ட் டிஸ்க்கும்தான். அது பத்து டேக் எடுத்தாலும் இருபது டேக் எடுத்தாலும் பெரிதாக மாறாது. தயாரிப்பாளர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

நம் ஊரில் இது கொஞ்சம் சீக்கிரமாகவே ஆரம்பித்தது. பி.சி. ஸ்ரீராம் இயக்கிய 'வானம் வசப்படும்' 2004-ல் வந்தது. டிஜிட்டல் கேமராவில் எடுத்த முதல் தமிழ்ப் படங்களில் அது ஒன்று. 'நாயகன்' படத்துக்காக ஒளிப்பதிவில் தேசிய விருது வாங்கியவர், பிலிமின் ருசி முழுக்கத் தெரிந்தவர், அவரே முதலில் போய் டிஜிட்டலைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். அடுத்த வருஷம் 2005 தமிழ்ப் புத்தாண்டுக்கு 'சந்திரமுகி', 'சச்சின்' இரண்டோடும் மோதிக்கொண்டு கமலின் 'மும்பை எக்ஸ்பிரஸ்' வந்தது. அதுவும் டிஜிட்டல். 2009-ல் 'அச்சமுண்டு அச்சமுண்டு', 'உன்னைப்போல் ஒருவன்' இரண்டும் ரெட் ஒன் கேமராவில் எடுக்கப்பட்டன. 2012-ல் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' படத்தை விஜய் மில்டன், கல்யாண வீட்டில் போட்டோகிராபர் கழுத்தில் தொங்குமே, அந்த ஜாதி கேனான் ஸ்டில் கேமராவிலேயே எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

வெளியுலகத்திலும் அதே சமயம் அடுத்தடுத்து விக்கெட் விழுந்தது. 2010-ல் ஆரி நிறுவனத்தின் அலெக்ஸா டிஜிட்டல் கேமரா வந்தது. 2011-க்குள் ஆரி, பானாவிஷன், ஆட்டன் மூன்று பேரும் புது பிலிம் கேமரா செய்வதை நிறுத்திவிட்டார்கள். 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. 2013-ல் ஃபியூஜி, சினிமா படப்பிடிப்புக்கான பிலிம் தயாரிப்பையே விட்டுவிட்டது. நூறு வருஷத்துத் தொழில், நாலு வருஷத்தில் ஆட்டம் கண்டது.

இப்போது ஸ்கோர்போர்டு

சண்டையில் எங்கள் பையன்கள் எடுத்து வீசுகிற பெரிய ஆயுதம் ஆஸ்கர்தான். அதையும் எண்ணிப் பார்த்துவிடலாம்.

டிஜிட்டலில் பெரும்பகுதி எடுத்து, சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் படம் மும்பையில் எடுத்த 'ஸ்லம்டாக் மில்லியனர்'. ஆண்டு 2009, ஒளிப்பதிவாளர் ஆண்டனி டாட் மேண்டில். தாராவிச் சந்துகளில் ஓடிப்போய் எடுக்க அவருக்குச் சின்ன கேமரா தேவைப்பட்டது. அதே ராத்திரிதான் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வாங்கி, மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்றார். நமக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அதே படத்துக்கு, அதே மேடையில், சினிமா கேமராவின் வரலாறும் திரும்பியதை யாரும் கவனிக்கவில்லை. (நான் அப்போது எல்.கே.ஜி., எனக்கு மன்னிப்பு உண்டு.)

2009 விழாவிலிருந்து 2025 விழா வரை மொத்தம் 17 ஒளிப்பதிவு ஆஸ்கர்கள். அதில் பிலிமில் எடுத்த படங்கள் நாலே நாலுதான்: 'இன்செப்ஷன்', 'லா லா லேண்ட்', 'ஓப்பன்ஹைமர்', 'தி ப்ரூட்டலிஸ்ட்'. மற்ற 13-ம் முழுக்கவோ பெரும்பாலுமோ டிஜிட்டல். ஆனால் 2024, 2025 இரண்டு விழாவிலும் தொடர்ந்து பிலிமே ஜெயித்தது. 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக கோடாக் புதிதாக 65 எம்.எம். கறுப்பு வெள்ளை பிலிமே செய்து கொடுத்தது. ஒளிப்பதிவாளர் ஹொய்ட்டே வான் ஹொய்ட்டெமா விருது மேடையிலேயே, பிலிமையும் எடுத்துப் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே பரிந்துரைத்துவிட்டுப் போனார். எங்கள் முதல் கோஷ்டிக்கு அன்றைக்குத் தீபாவளி.

ஆனால் இந்த ஸ்கோரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ரோஜர் டீகின்ஸ் என்ற மகா கலைஞர் 13 தடவை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 13 தடவையும் வெறுங்கையோடு திரும்பினார். அவற்றில் பெரும்பாலானவை பிலிமில் எடுத்த படங்கள். 14-வது தடவை 'பிளேட் ரன்னர் 2049' படத்துக்குக் கிடைத்தது, அடுத்து '1917' படத்துக்கும் கிடைத்தது. இரண்டும் டிஜிட்டல். அதற்காக அவர் பிலிமில் சுமாராக வேலை செய்தார் என்று யாராவது சொன்னால் அடி விழும். 2021-ல் வந்த 'டியூன்' இன்னும் குழப்பம். டிஜிட்டலில் எடுத்து, அதை பிலிமுக்கு மாற்றி, அந்த பிலிமை மறுபடி ஸ்கேன் செய்து டிஜிட்டலாக்கினார்கள். அதை எந்தக் கணக்கில் வரவு வைப்பீர்கள்?

அதனால் எந்தக் கேமராவுக்கு விருது என்ற கேள்வியை இங்கேயே விட்டுவிடலாம். கேமராவுக்கு யாரும் ஒளிப்பதிவு விருது கொடுப்பதில்லை. (கேமரா செய்தவர்களுக்குத் தனியாக உண்டு. அலெக்ஸாவுக்காக ஆரிக்கு 2017-ல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது.) என் கேள்வி வேறு. திரையில் தெரிகிற அந்த ஒளியை உண்டாக்கியவர்கள் எத்தனை பேர்? அதில் விருதுப் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

விருதின் இன்னொரு பாதி

எங்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். நம் தேசியத் திரைப்பட விருதுகளில், 90-களிலும் 2000-களிலும், சிறந்த ஒளிப்பதிவு விருது ஒளிப்பதிவாளருக்கு மட்டும் போகவில்லை. அந்தப் படத்தின் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்ட லேபுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். கேமராமேனுக்கு ஒரு ரஜத கமலம், லேபுக்கு ஒரு ரஜத கமலம். வெள்ளி உப்பில் படம் பிடித்த காலத்தில் லேபுக்கும் வெள்ளித் தாமரை கொடுத்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

லேபில் அப்படி என்ன பெரிய வேலை, சட்டை துவைக்கிற மாதிரி துவைத்துக் கொடுப்பதுதானே என்று நானும் கேட்டிருக்கிறேன். கேட்டது எங்கள் பிளாட்ஸ் மூன்றாவது மாடி மாமாவிடம். அவர் சென்னையில் ஒரு லேபில் கிரேடிங் செக்‌ஷனில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் விளக்கினது இது.

காலையில் எடுத்த ஷாட்டும் மத்தியானம் எடுத்த ஷாட்டும் ஒரே சீனில் அடுத்தடுத்து வரும். ஒன்றில் வெயில் மஞ்சளாக இருக்கும், இன்னொன்றில் வெள்ளையாக அடிக்கும். அப்படியே பிரிண்ட் போட்டால் கதாநாயகி முகம் ஷாட்டுக்கு ஷாட் நிறம் மாறும். அதனால் பிரிண்ட் போடும்போது ஒவ்வொரு ஷாட்டுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று விளக்கையும் எவ்வளவு விட வேண்டும் என்று கிரேடர் தீர்மானிப்பார். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 50 வரை அளவு. ஒரு படத்தில் ஆயிரக்கணக்கான ஷாட். ஒவ்வொரு ஷாட்டுக்கும் மூன்று எண். ஒரு எண் தப்பினால் ராத்திரி சீனில் பச்சை அடிக்கும். கேமராமேன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் வார்மா வேணும்" என்பார். அந்த 'இன்னும் கொஞ்சம்' எத்தனை பாயின்ட் என்பது கிரேடரின் கண்ணுக்குத்தான் தெரியும்.

"நெகட்டிவ்ல இருக்கறது பாதி படம்தான்ப்பா. மீதிப் பாதி நாங்க போடற லைட்ல வரும்" என்றார் மாமா. லஸ் காமதேனுவிலும் மந்தவெளி கபாலியிலும் படம் ஓடின காலத்தில், தான் கிரேடிங் செய்த படம் வந்தால் டிக்கெட் எடுத்துப் போய் உட்காருவாராம். கதை பார்க்க அல்ல, கலர் பார்க்க. புரொஜெக்டரில் பல்பு பழசாகி மங்கலாகத் தெரிந்தால் அன்றைக்கு ராத்திரி அவருக்குத் தூக்கம் வராதாம். இப்போது அந்த இரண்டு தியேட்டரும் இல்லை, அவருடைய லேபும் இல்லை.

விருதைப் பற்றிக் கேட்டேன். "லேபுக்கு வந்தா முதலாளி ரூம்ல ஷோகேஸ்ல வெப்பாங்க. அதுல எங்க பேர் எதுவும் இருக்காது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பால் வாங்கக் கிளம்பிவிட்டார். எனக்குத்தான் சாதாரணமாக இல்லை.

யோசித்துப் பாருங்கள். விருதின் அந்த இன்னொரு பாதியும் கம்பெனியின் பெயரில்தான் போனது. கண்ணால் பார்த்து எண் போட்டவருக்கு அல்ல. ஆனாலும் ஒரு உண்மையை அரசாங்கம் ஏட்டில் ஒப்புக்கொண்டிருந்தது: திரையில் தெரிகிற ஒளி ஒரே ஆளின் வேலை இல்லை. பிலிம் போனதோடு லேபும் போனது, லேப் போனதோடு அந்த வரியும் விருதுப் பட்டியலிலிருந்து போனது. இன்று சிறந்த ஒளிப்பதிவு என்றால் ஒளிப்பதிவாளர் பெயர் ஒன்றுதான்.

வேலை போகவில்லை, பெயர்தான் போனது

லேபோடு அந்த வேலையும் போயிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் வேலை போகவில்லை, பத்து மடங்கு பெருகிவிட்டது! அதன் இன்றைய பெயர் டி.ஐ., அதைச் செய்கிறவர் கலரிஸ்ட்.

2000-ல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' என்ற படத்தை, அதே ரோஜர் டீகின்ஸ்தான், பிலிமில் எடுத்து முழுப் படத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கலர் செய்தார். பச்சைப் பசேலென்று இருந்த மரங்களும் புல்லும் காய்ந்த மஞ்சளாக மாறின. ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அன்றைக்கு அது அதிசயம். இன்று நம் ஊரில் வெளிவருகிற எந்தப் படமும் டி.ஐ. அறைக்குள் போகாமல் தியேட்டருக்கு வராது. லேப் கிரேடருக்கு மூன்று விளக்குதான் இருந்தது. முகத்தை மட்டும் பிரகாசமாக்க அவரால் முடியாது, மொத்த ஃபிரேமும் சேர்ந்துதான் மாறும். கலரிஸ்ட் நினைத்தால் வானத்தை மட்டும் மாற்றலாம், கண்ணுக்குக் கீழே உள்ள நிழலை எடுக்கலாம், மத்தியானத்தைச் சாயங்காலம் ஆக்கலாம். அதிகாரம் இவ்வளவு கூடியிருக்கிறது. ஆனால் விருதுப் பட்டியலில் இடம், லேபுக்கு இருந்ததைவிடக் குறைந்து, பூஜ்யம் ஆகிவிட்டது.

இது கலரிஸ்டோடு நிற்கிற விஷயமும் இல்லை. நமக்கு நெருக்கமான ஒரு உதாரணம், புதுச்சேரியிலும் மூணாறிலும் எடுத்த 'லைஃப் ஆஃப் பை'. பாம்பே ஜெயஸ்ரீ பாடலுக்காகப் பரிந்துரைக்கப்பட்டாரே, அதே படம். 2013-ல் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் கிளாடியோ மிராண்டாவுக்குக் கிடைத்தது. அந்தக் கடலும் வானமும் புலியும் எவ்வளவு கேமராவில் வந்தது, எவ்வளவு கம்ப்யூட்டரில் வந்தது என்று பெரிய விவாதம் நடந்தது. இதில் கொடுமை என்னவென்றால், புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் விழாவுக்குச் சில நாள் முன்னால்தான் திவால் மனு போட்டிருந்தது. கிராபிக்ஸ் விருது வாங்க மேடை ஏறியவர் அந்தக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்ததும், நேரம் முடிந்தது என்று 'ஜாஸ்' படத்து இசையைப் போட்டு மைக்கை அடைத்தார்கள்.

சரி, எதிர்த் தரப்பு என்ன சொல்லும்?

ஒளிப்பதிவாளர்கள் பக்கம் நல்ல வாதம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. "கலரிஸ்ட் தன்னிஷ்டத்துக்கு எதையும் மாற்றுவதில்லை. பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கே விளக்கு வைப்பது, எந்த நேரத்தில் எடுப்பது, இந்தக் கதைக்கு என்ன நிறம் என்று முடிவு செய்தது நான். படம் கெட்டுப் போனால் திட்டு வாங்குவதும் நான்தான். அதனால் விருதும் எனக்குத்தான்."

இது எங்களுக்கு நன்றாகவே புரிகிற வாதம். எங்கள் அபிராமபுரத்தில் தெருவுக்கு மூன்று ஆடிட்டர் போர்டு தொங்கும். ஆர்ட்டிகிள்ஷிப் பையன்கள் வவுச்சர் வவுச்சராகப் புரட்டி டிக் அடித்து முதுகு வளைந்து போவார்கள். கடைசியில் கையெழுத்துப் போடுவது பார்ட்னர். அது அநியாயம் இல்லை. நாளைக்குக் கணக்கில் ஏதாவது வெடித்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். பொறுப்பு யாருடையதோ, கையெழுத்து அவருடையது. ஒளிப்பதிவாளர் விருது ஒளிப்பதிவாளரிடமே இருக்கட்டும். 'மூன்றாம் பிறை'யின் ஊட்டிப் பனியைப் பார்த்த பிறகு, அது பாலு மகேந்திராவின் கையெழுத்து இல்லை என்று யார் சொல்ல முடியும்? அவருடைய கடைசிப் படம் 'தலைமுறைகள்' 2013-ல் டிஜிட்டல் கேமராவில் எடுத்ததுதான். அதிலும் அதே மனுஷனின் கண்தான் தெரிகிறது. 2014 பிப்ரவரியில் அவர் இறந்தார், ஏப்ரலில் அந்தப் படத்துக்குத் தேசிய ஒருமைப்பாட்டுக்கான தேசிய விருது அறிவித்தார்கள். பிலிமில் இரண்டு ஒளிப்பதிவு தேசிய விருது வாங்கியவர், கருவி மாறியதும் கை நடுங்கவில்லை.

ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர் என்பதற்காக, வேலை செய்த மற்றவர்கள் பெயர் எங்குமே இருக்கக் கூடாதா? இந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

ஒலித்துறையைப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தேசிய விருதில் ஒலிக்கான விருதை மூன்றாகப் பிரித்தார்கள். படப்பிடிப்பு இடத்தில் ஒலியைப் பதிந்தவர், ஒலியை வடிவமைத்தவர், கடைசியில் கலந்தவர் என்று மூன்று பேருக்கும் தனித்தனியாக. அப்படிப் பிரித்ததில் ஒரு நல்லது நடந்தது. 2022 ஜூலையில் அறிவித்த விருதில், படப்பிடிப்பு இட ஒலிப்பதிவுக்கான விருது 'டொள்ளு' என்ற கன்னடப் படத்துக்குப் போனது. அந்தப் படத்தில் வேலை செய்த ஒலி வடிவமைப்பாளரே, ஐயா, இது டப்பிங் செய்த படம் என்று வெளியில் சொன்னார். ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டியும் அதை எடுத்துக் கேட்டார். யார் எந்த வேலை செய்தார் என்று தலைப்புப் பிரித்திருந்ததால்தான் தப்பு வெளியே தெரிந்தது. ஒரே தலைப்பாக இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நடுவர்கள் திரையை மட்டும் பார்க்கிறார்கள், சமையலறையைப் பார்ப்பதில்லை. (பிறகு 2022-ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதில் மூன்றையும் மறுபடி ஒன்றாகச் சுருக்கிவிட்டார்கள் என்பது சோகமான பின்கதை.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019-ல் ஆஸ்கர் அகாடமி, ஒளிப்பதிவு உட்பட நாலு விருதுகளை விளம்பர இடைவேளையில் கொடுத்து முடித்துவிடலாம் என்று அறிவித்தது. ஒளிப்பதிவாளர்களும் இயக்குநர்களும் கொதித்துப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். சில நாளிலேயே அகாடமி பின்வாங்கியது. "எங்கள் வேலை உங்களுக்கு விளம்பர இடைவேளையா?" என்று அவர்கள் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். அதே நியாயத்தை டி.ஐ. அறையில் கண் எரிய உட்கார்ந்திருக்கிறவர் கேட்டால் மட்டும் எப்படித் தப்பாகும்?

என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றுவது ரொம்பச் சின்ன விஷயம். பழைய தேசிய விருதில் லேபுக்கு இருந்த அந்த இன்னொரு தாமரையை மறுபடி கொண்டுவரலாம். இந்த முறை கம்பெனிக்கு வேண்டாம், கலரிஸ்டுக்கு, அவர் பெயரிலேயே கொடுக்கலாம். 2016-ஆம் ஆண்டுப் படங்களில் '24' படத்துக்காக எஸ். திருநாவுக்கரசு வாங்கினார், 2022-ஆம் ஆண்டுப் படங்களில் 'பொன்னியின் செல்வன் 1' படத்துக்காக ரவி வர்மன் வாங்கினார். இரண்டுமே நமக்குப் பெருமை. அவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்திருந்தால் அந்தப் பெருமை பாதியாகிவிடாது.

இதை முதலில் செய்ய வேண்டியது டெல்லிகூட இல்லை, நம் தமிழ்நாடுதான். ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்கப் படம் கழுவிக் கொடுத்த ஊர் இது. வடபழனி, சாலிகிராமம் பக்கம் லேப்களை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைத்தன. ஆனால் நம் மாநில விருதின் கதை என்ன தெரியுமா? 2009 முதல் 2014 வரைக்குமான ஆறு வருஷ விருதுகளை மொத்தமாக 2017 ஜூலையில் அறிவித்தார்கள். அதைக் கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில், கலைவாணர் அரங்கத்தில். அந்த ஆறு வருஷம் எந்த ஆறு வருஷம் என்று கவனித்தீர்களா? தமிழ் சினிமா பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய அதே ஆறு வருஷம். முதல் வருஷப் படங்கள் பெரும்பாலும் பிலிம், கடைசி வருஷப் படங்கள் அனேகமாக டிஜிட்டல். அந்த மாற்றத்தில் வேலை செய்தவர்களைப் பாராட்ட நமக்கு எட்டு வருஷத்திலிருந்து பதின்மூன்று வருஷம் வரை ஆகியிருக்கிறது. அதற்குள் லேப்களில் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். வேலை செய்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

ஆஸ்கர்காரர்களும் தாமதம்தான், ஆனால் ஒரு மரியாதை செய்தார்கள். 2014 பிப்ரவரியில், தொழில்நுட்ப விருது விழாவில், நூறு வருஷத்துக்கு மேல் பிலிம் லேப்களைக் கட்டி நடத்திய அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு ஆஸ்கர் சிலை கொடுத்தார்கள். பெயர் இல்லாத விருது. 'எல்லாருக்கும்' என்று மட்டும் எழுதிய விருது. இதை மூன்றாவது மாடி மாமாவிடம் சொன்னேன். "அப்போ அதுல எனக்கும் ஒரு பங்கு இருக்கா?" என்று கேட்டார். கண்டிப்பாக இருக்கிறது மாமா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நம்ம ஊர்ல யாராவது சொல்லியிருந்தா அன்னிக்கே வீட்ல சொல்லியிருப்பேன்" என்றார்.

எங்கள் இரண்டு கோஷ்டியும் சண்டையைத் தொடரட்டும், தப்பில்லை. பிலிமோ டிஜிட்டலோ, இரண்டிலும் இருட்டறையில் உட்கார்ந்து நிறம் சேர்க்கிற ஒருவர் இருந்திருக்கிறார், இருக்கிறார். அடுத்த தடவை படம் முடிந்ததும் பைக் ஸ்டாண்டுக்கு ஓடாதீர்கள். எண்ட் டைட்டிலில் கலரிஸ்ட் என்று ஒரு வரி வரும், ரொம்பச் சின்ன எழுத்தில், வேகமாக ஓடும். அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். மாநில அரசு விருது கொடுக்கிறபோது கொடுக்கட்டும், அதுவரைக்கும் இது நம்மால் முடிந்தது.

பி.கு.: 400 அடிக்கு எத்தனை நிமிஷம் என்ற கணக்கு அடுத்த செமஸ்டர் காஸ்டிங் பேப்பரில் வராது. மனப்பாடம் செய்து நேரத்தை வீணடிக்க வேண்டாம் நண்பர்களே.